பொட்டலத்துக்குப் பொட்டலம் ஒரு 'சரி'

1994 மார்ச். புனேயில் ஒரு கல்வி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் மையம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஏ.சி. குளிரில் உறுமிக்கொண்டு நிற்கிறது வாக்ஸ் 11/750. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1980இல் அறிமுகப்படுத்திய மினி கம்ப்யூட்டர். 'மினி' என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. டிஸ்க் அலமாரிகளோடு சேர்த்தால் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும்.

வந்தபோது அதற்கு மாலை மரியாதை நடந்தது. இப்போது நாள் குறித்தாகிவிட்டது. மார்ச் 31உடன் பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கப் பணம் இல்லை. அதன் வேலையைவிட அதிகமான வேலையை மேஜைமேல் இருக்கும் பி.சி.யே செய்யும்போது யார் பணம் கொடுப்பார்கள்? ஏப்ரலில் பழைய இரும்பு ஏலம்.

மார்ச் இரண்டாவது வாரத்தில் ஒரு வயதானவர் மையத்தின் படியேறி வருகிறார். ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர். ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை போய்விட்டது. இன்னொன்றும் மங்கிக்கொண்டிருக்கிறது. ஆபரேட்டர் அம்மாளிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "என் சொற்கள் என்ன ஆகும்?"

குயவர், செக்காட்டுபவர், படகு கட்டுபவர், கூடை முடைபவர் ஆகியோரின் தொழில் சொற்கள் அவை. கொங்கணக் கரையிலும் மேட்டு நிலத்திலும் 22 வருடங்கள் நடந்து, அட்டைகளில் எழுதிச் சேர்த்தவர். பதினோராயிரத்துச் சொச்சம் மராத்திச் சொற்கள். எந்த ஊரில், எந்த வருடம், எந்த அட்டையில் என்ற விவரம் ஆங்கிலத்தில். எண்பதுகளின் இறுதியில் அவரும் இரண்டு மாணவர்களும் மாலை வேளைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாக்ஸில் தட்டச்சு செய்தார்கள். பத்திரமாகிவிட்டது என்ற நிம்மதியில் அட்டைகளைப் பெட்டியில் போட்டு வீட்டுப் பரணில் ஏற்றினார் பேராசிரியர். கரையான் அவரைவிடச் சுறுசுறுப்பு.

மாக்னெடிக் டேப்பில் பதிந்து தந்துவிடலாம், கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பெரிய வட்ட டேப்பை வீட்டில் எங்கே மாட்டுவது? சொற்கள் ஃப்ளாப்பிக்கு வரவேண்டும். வாக்ஸில் அந்த ஃப்ளாப்பியைச் செருக இடமே கிடையாது.

இந்த வகை இக்கட்டுக்கு ஒரு தவளை உண்டு. பெயர் கெர்மிட். 1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க் டா க்ரூஸ், பில் கேட்சிங்ஸ் என்ற இருவர் எழுதத் தொடங்கிய புரோகிராம். அங்கே மாணவர்களுக்குப் பெரிய கம்ப்யூட்டரில் தரப்பட்ட இடம் மிகக் குறைவு. தங்கள் ஃபைல்களைச் சிறிய கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பிக்கு மாற்றி வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. பெயர், 'மப்பெட் ஷோ' டெலிவிஷன் தொடரின் பொம்மைத் தவளையுடையது. கொலம்பியா அதைப் பிரதியெடுத்துக்கொள்ள எல்லாரையும் அனுமதித்தது. டேப் டேப்பாக உலகம் சுற்றி, மினிகளிலும் பி.சி.களிலும் குடியேறியது.

கெர்மிட்டுக்கு இரண்டு வேஷம். முதலில் அது பி.சி.யை வாக்ஸின் டெர்மினலாக நடிக்கவைக்கும். அந்த வேஷத்தில் வாக்ஸுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் இன்னொரு கெர்மிட்டை எழுப்பி, "அனுப்பு" என்று சொல்லவேண்டும். உடனே வேஷத்தைக் கலைத்துவிட்டு பி.சி.க்குத் திரும்பி, "வாங்கிக்கொள்" என்று சொல்லவேண்டும். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரே இரு தரப்புக்கும் பேசும் கல்யாணத் தரகு.

ஆபரேட்டர் முதலில் தேர்ந்தெடுத்தது குறுக்கு வழி. ஃபைலை டெர்மினல் திரையில் ஓடவிட்டு, ஓடுவதையெல்லாம் அப்படியே பி.சி.யில் பதிந்துகொள்வது. அரை மணி நேரம் ஓடியது. பதிந்ததைத் திறந்து பார்த்தால் ஒரு மராத்தி எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகளும் எண்களும் புள்ளிகளும் கலந்த கிச்சடி.

காரணம் ஒரே ஒரு பிட். இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டில் ஆங்கிலம் 128க்குக் கீழே, நம் எழுத்துகள் மேலே. 'க'வின் எண் 179. தேவநாகரியானாலும் தமிழானாலும் அதே எண்தான். பேராசிரியர் தட்டச்சு செய்த டெர்மினலுக்கு வாக்ஸோடு நேரடி ஒயர் இருந்தது, எட்டு பிட்டும் போகும். அந்த ஒயர் செருகியிருந்த கார்டு முந்தைய வருடமே செத்துவிட்டது. மிச்சமிருந்த இணைப்பு பழைய மல்டிப்ளெக்ஸர் வழியே போனது. அது ஏழு பிட்டை மட்டும் எழுத்துக்கு ஒதுக்கி, எட்டாவதைப் பிழை பார்க்க எடுத்துக்கொள்ளும். 179இல் 128 பறிபோனால் 51. ஆங்கிலக் கணக்கில் 51 என்பது '3' என்ற எண்.

அப்படியானால் எல்லா '3'ஐயும் 'க' ஆக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் அட்டை எண்ணிலும் வருடத்திலும் நிஜமான 3கள் இருக்கின்றனவே. எது எண், எது எழுத்து என்று யார் சொல்வது? பதினோராயிரம் சொற்களுக்கு?

அன்றிரவு வீட்டில், ஜெராக்ஸ் எடுத்த கெர்மிட் கையேட்டை ஆபரேட்டர் முதல் தடவையாக முழுவதும் படித்தார். விடை இருந்தது. இரு பக்கக் கெர்மிட்டிடமும் "வழியில் பாரிடி உண்டு" என்று சொல்லிவிட்டால், எட்டாவது பிட் கொண்ட எழுத்தை அது நேராக அனுப்பாது. '&' என்ற அடையாளத்தை முன்னால் வைத்து, பிட் நீங்கிய எழுத்தைப் பின்னால் அனுப்பும். 'க' என்பது '&3' ஆகப் போகும். வெறும் 3 வெறும் 3ஆகவே போகும். மறுமுனையில் இருப்பவன் '&'ஐக் கண்டதும் 128ஐத் திரும்பக் கூட்டிக்கொள்வான்.

இதற்கு விலை நேரம். மராத்தி எழுத்து ஒவ்வொன்றும் இரண்டாகிவிடுகிறது. இணைப்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 240 எழுத்து. கெர்மிட் எல்லாவற்றையும் நூறு எழுத்துக்கும் குறைவான பொட்டலங்களாகக் கட்டும். ஒவ்வொன்றிலும் வரிசை எண், நீளம், கடைசியில் உள்ளிருப்பதைக் கூட்டிப் பார்க்க ஒரு சரிபார்ப்பு எழுத்து. வாங்குபவன் கூட்டிப் பார்த்து 'சரி' என்று பதில் போட்டால்தான் அடுத்த பொட்டலம் கிளம்பும். 'தவறு' என்றால் அதே பொட்டலம் மறுபடி வரும். பதிலே வராவிட்டால் கொஞ்சம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்கள். தடங்கலே இல்லாவிட்டாலும் ஏழெட்டு மணி நேரம்.

புனே மின்சாரம் அவ்வளவு நேரம் பொறுக்காது. கரண்ட் போனால் அந்த ஃபைலை முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகவே ஒரே பெரிய ஃபைலை எழுத்து வரிசைப்படி நாற்பது துண்டுகளாக வெட்டினார் ஆபரேட்டர். போனால் ஒரு துண்டு போகும்.

வெட்டும்போதுதான் அது தெரிந்தது. 'ப' வரிசையில் ஒரு இடத்தை வாக்ஸால் படிக்கவே முடியவில்லை. டிஸ்க் தேய்ந்திருந்தது. நான்கு முறை முயன்றார், நான்கு முறையும் அதே பிழைச் செய்தி. இருநூறுக்கும் மேற்பட்ட சொற்கள் அந்த ஓட்டைக்குள் விழுந்திருந்தன. கெர்மிட் வழியில் தொலைவதை மீட்கும். கிளம்பும் இடத்திலேயே இல்லாததை அது என்ன செய்யும்?

மற்றவை இரண்டு இரவுகளில் வந்து சேர்ந்தன. மூன்று முறை கரண்ட் போனது. பேராசிரியர் இரண்டு இரவும் வீட்டுக்குப் போகவில்லை. திரையில் பொட்டல எண்ணிக்கை ஏறுவது அவருக்குத் தெரியாது. ஆபரேட்டர்தான் அவ்வப்போது படித்துச் சொன்னார். மூன்றாம் நாள் காலை, சி-டாக்கின் ஜிஸ்ட் கார்டு பொருத்திய ஒரு பி.சி.யில் முதல் ஃபைல் திறந்தது. தேவநாகரி. பேராசிரியர் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய் ஒரு சொல்லைப் படித்தார். குயவரின் சக்கரத்தைச் சுழற்றும் கழியின் பெயர். அதைச் சொன்ன கிழவரின் ஊரையும் சேர்த்துச் சொன்னார்.

"'ப'வில் ஓட்டை விழுந்துவிட்டது, சர்" என்றார் ஆபரேட்டர்.

பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதிக்கொள்வீர்களா?" என்றார்.

மார்ச்சில் மிச்சமிருந்த மாலைகளில் அவர் நினைவிலிருந்து சொன்னார், ஆபரேட்டர் தட்டினார். ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிப் படித்தார். "சரி" என்றால் அடுத்தது. "இல்லை, குறில்" என்றால் அதையே மறுபடி. நூற்று நாற்பது சொற்கள் வரை வந்தன. அதற்குமேல் அவர் உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

ஏப்ரலில் வாக்ஸ் லாரி ஏறியது. இரண்டு வருடம் கழித்துப் பேராசிரியர் காலமானார். ஃப்ளாப்பிகள் அவருடைய மாணவர் ஒருவரிடம் போயின. இஸ்கியின் இடத்துக்கு யூனிகோட் வந்தது. அதன் இந்திய எழுத்துப் பகுதிகளே 1988ஆம் ஆண்டு இஸ்கியை அடியொற்றியவை என்பதால் மாற்றுவதில் சிரமமில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் 2011இல் கெர்மிட் திட்டத்தை முடித்துக்கொண்டு, மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது.

அகராதி இன்னும் அச்சேறவில்லை. ஆனால் சொற்கள் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டராக மாறி இன்றும் இருக்கின்றன. 'ப' வரிசையில் நூற்று நாற்பது சொற்களுக்கு எதிரே மட்டும் ஊரும் இல்லை, வருடமும் இல்லை. அட்டை எண் இருக்கவேண்டிய இடத்தில் ஆபரேட்டர் தட்டிவைத்த ஒரே குறிப்பு: 'சர் சொன்னது.'