உருபும் உரிமையும்

புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் உரிமை காப்புரிமை எனப்படும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், அவரது இசைவின்றி வேறெவரும் அதைச் செய்யவோ விற்கவோ இயலாது. இவ்வுரிமைக்கு ஈடாக, அவர் தம் கண்டுபிடிப்பை ஒளிவுமறைவின்றி எழுதித் தருதல் வேண்டும். அவ்வெழுத்தின் இறுதியில் எண்ணிட்ட சில வாக்கியங்கள் இடம்பெறும். உரிமைக்கோரல்கள் என்று பெயர்பெறும் அவை நிலத்தைச் சுற்றிய வேலியைப் போன்றவை. வேலிக்குள் இருப்பது உரியவருக்கு. வெளியே இருப்பது ஊருக்கு. ஒரு கோரல் எத்துணை நீண்டாலும் ஒரே வாக்கியமாகவே அமைய வேண்டும் என்பது மரபு. எச்சங்களை அடுக்கி நெடுந்தொடர் எழுதிப் பழகிய தமிழ் உரையாசிரியர்கள் இவ்வேலையை எளிதாகச் செய்திருப்பர்!

அந்த வேலியின் ஒரு சிறு முள் இடம் மாறினால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவில் நடந்த வழக்கொன்று காட்டுகிறது. செஃப் அமெரிக்கா என்னும் உணவு நிறுவனத்திடம் மாவுப்பண்டம் செய்யும் முறை ஒன்றுக்கான காப்புரிமை இருந்தது. பிசைந்த மாவின்மேல் கொழுப்புத் துணுக்குகள் கலந்த மெல்லிய மாவுக் கரைசலைப் பூசிச் சிறிது நேரம் சுட வேண்டும். அவ்வாறு சுட்டெடுத்த பண்டத்தைப் பின்னர் நுண்ணலை அடுப்பில் சூடாக்கினாலும் அது மொறுமொறுப்பாக இருக்கும். பயனுள்ள கண்டுபிடிப்புதான். ஆனால், சுடும் படியைச் சொல்லும் இடத்தில், பூச்சிட்ட மாவை ஏறத்தாழ 400 முதல் 850 பாரன்ஹீட் பாகை வரையிலான ‘வெப்பநிலைக்குச்’ சூடாக்க வேண்டும் என்று கோரல் கூறியது. எழுத நினைத்ததோ, அவ்‘வெப்பநிலையில்’ சூடாக்க வேண்டும் என்பது.

ஆங்கிலத்தில் அந்த இரண்டு முன்னிடைச்சொற்களும் இரண்டிரண்டு எழுத்துகளே உடையவை. தமிழில் அவ்வேறுபாடு வேற்றுமை உருபில் தெரிகிறது. ‘கு’ நான்காம் வேற்றுமை. ‘இல்’ ஏழாம் வேற்றுமை. ‘வெப்பநிலையில்’ என்றால் அது மாவைச் சுற்றியுள்ள அடுப்பின் சூடு. அடுப்பு 400 பாகையில் எரிந்தாலும் மாவில் ஈரம் உள்ளவரை அதன் உட்பகுதி நீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. ‘வெப்பநிலைக்கு’ என்றாலோ, மாவே அந்தச் சூட்டை எட்ட வேண்டும். 400 பாரன்ஹீட் என்பது 200 செல்சியசுக்கும் மேல். மாவின் உட்புறமும் அந்நிலையை அடைந்தால் கையில் மிஞ்சுவது பண்டமன்று, கரி.

லாம்ப்-வெஸ்டன் என்னும் போட்டி நிறுவனம் தன் முறையைக் கவர்ந்துகொண்டதாகச் செஃப் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனம் தன் மாவை அத்துணைச் சூட்டிற்கு ஏற்றவில்லை என்பது தெளிவு; கரியை யாரும் விற்பதில்லை. எனவே, கோரலில் உள்ள சொல்லை ‘வெப்பநிலையில்’ என்று படித்தால்தான் செஃப் அமெரிக்காவுக்கு வழி. உள்ளபடி படித்தால் கண்டுபிடிப்பே பயனற்றதாகிவிடும் என்று அந்நிறுவனம் வாதிட்டது. 2004ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. சொல்லின் பொருள் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக இருக்கிறது. விளைவு நகைப்பிற்குரியதாயினும் கோரலைத் திருத்தி எழுதுவது நீதிமன்றத்தின் பணியன்று என்பது தீர்ப்பின் சாரம்.

இதைக் கொடுமை என்று கருதுவோர் உண்டு. எழுதியவரின் கருத்து எல்லோருக்கும் விளங்கும்போது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதா என்று கேட்பர். எனினும், வேலிக்கு வெளியே நிற்பவரையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அவரிடம் இருப்பது அச்சிட்ட கோரல் ஒன்றே. கண்டுபிடித்தவரின் உள்ளத்தில் இருந்தது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோரலைப் படித்து, அதன் எல்லையைத் தொடாமல் தொழில் தொடங்கி முதலீடு செய்தவரிடம், வேலி உண்மையில் இன்னும் பத்தடி தள்ளி இருக்கிறது என்று பின்னாளில் சொல்வது நேர்மையாகாது. எழுதிய பிழையின் இழப்பை எழுதியவரே ஏற்பதுதான் முறை.

சொல்லை அளந்து பயன்படுத்தியவர்கள் பெற்ற பயனும் பெரிது. கிரகாம் பெல் 1876 பிப்ரவரி 14 அன்று அளித்த விண்ணப்பத்தின் தலைப்பு, தந்தி முறையில் ஒரு மேம்பாடு என்பதே. மார்ச் 7ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. அவரது கருவி வழியே பேச்சு தெளிவாகக் கேட்டதோ மார்ச் 10ஆம் நாள்தான்! ஆயினும், அவரது ஐந்தாம் கோரல் ஒரு கருவியை மட்டும் குறிக்கவில்லை. ஒலியால் காற்றில் எழும் அதிர்வுகளின் வடிவத்தை ஒத்த மின்னலைகளை உண்டாக்கி ஒலியை அனுப்பும் முறையையும் குறித்தது. ‘வடிவத்தை ஒத்த’ என்னும் தொடரில்தான் தொலைபேசியின் உயிர் இருந்தது. போட்டியாளர் பலர் தொடுத்த தாக்குதலுக்குப் பின், 1888ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் பெல்லின் உரிமையை நிலைநிறுத்தியது.

காப்புரிமை எழுதுவோர் கையாளும் நுட்பங்களுள் சில பள்ளிக் கட்டுரை இலக்கணத்திற்கே மாறானவை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கட்டுரையில் குறை என்கிறோம். இங்கோ, முதலில் ‘தண்டு’ என்றதைப் பின்னர் ‘கம்பி’ என்றால், அவை இருவேறு உறுப்புகளோ என்ற ஐயம் பிறக்கும். ‘நான்கு கால்களையும் ஓர் இருக்கையையும் உள்ளடக்கிய நாற்காலி’ என்று எழுதினால், சாய்மானம் சேர்த்துச் செய்பவரும் வேலிக்குள் அகப்படுவார். ‘மட்டுமே கொண்ட’ என்று எழுதினால், ஒரு சாய்மானத்தைப் பொருத்தியே அவர் தப்பிவிடுவார். மூன்று கால் வைப்பவர் இரண்டிலும் தப்புவார். அப்படியானால், ‘நான்கு’ என்ற சொல் தேவைதானா?

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, கோரல்கள் தெளிவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பித்த பின் விலக்கவோ, பிழை திருத்தவோ, விளக்கவோ இடமுண்டு. முதலில் சொல்லாத ஒன்றைப் புதிதாக நுழைக்க இடமில்லை. ஆகவே, தேர்ந்த வரைவாளர் விண்ணப்பத்தை அனுப்புமுன் அதைப் போட்டியாளரின் கண்கொண்டு படிக்கிறார். இந்தச் சொற்களை மீறாமல் இதே பொருளைச் செய்ய வழியுண்டா என்று உருபு உருபாகத் தேடுகிறார்.