யூனிட் கணக்கு

மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக் போகக் கூடாது. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேதுவிலும் கூடாது. நாக்பூர் போகும் சம்ருத்தி சாலையிலும் கூடாது. நாங்கள் இருக்கும் கோபர்கைரனேயிலிருந்து புனே என்றால் நமக்கு இருப்பது பன்வேல், கோபோலி வழியாகப் போகும் பழைய ரோடுதான். ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மின்சார பைக் வாங்கலாம் என்று முடிவெடுத்த அன்று நோட்டின் முதல் பக்கத்தில் இந்த வழியைத்தான் எழுதினேன். வண்டிப் பெயரெல்லாம் இரண்டாம் பக்கம்.

*

இரண்டாம் பக்கம்.

அல்ட்ராவயலெட் எஃப்77 மாக் 2, பெரிய பாட்டரி: 10.3 கிலோவாட்-அவர், 323 கி.மீ.
ஓலா ரோட்ஸ்டர் எக்ஸ் பிளஸ், பெரிய பாட்டரி: 9.1, 501 கி.மீ.
ரிவோல்ட் ஆர்வி400: 3.24, ஈகோ மோடில் 150 கி.மீ.

கிலோமீட்டர் எல்லாம் கம்பெனிகள் சொல்வது. கிலோவாட்-அவர் என்பது மகாவிதரண் மின்சார பில்லில் வரும் அதே யூனிட்.

பாட்டரி சிறியது, ஓட்டம் அதிகம் என்று ஒன்று நிற்கிறதே, எப்படி என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. வகுத்துப் பார்த்தேன். முதல் வண்டி கிலோமீட்டருக்கு 32 வாட்-அவர் தின்கிறது, இரண்டாவது 18. எடை, மோட்டாரின் பலம் எல்லாம் ஒரு காரணம்தான். ஆனால் இரண்டு எண்ணுமே நம் ரோட்டுக்குப் பொருந்தாது என்பது, இவை வரும் ‘ஐடிசி’ சோதனையைப் படித்ததும்தான் தெளிந்தது. அந்தச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 42 கி.மீ., சராசரி 22. தீன் டாக்கியிலிருந்து வாஷிக்கு மாலை ஏழு மணிக்குப் போகும் வேகம் அது. பன்வேல் தாண்டி யாரும் அப்படிப் போவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 80-ல் போனால் முதல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 50, 55 வாட்-அவர் ஆகும் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 323 என்பது ஏறக்குறைய 200. புனே போய்ச் சேரலாம். திரும்பி வர அங்கே சார்ஜ் போட்டே ஆகவேண்டும்.

இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா வண்டிக்கும் ஒரே தராசு வேண்டும், அதற்கு அந்தச் சோதனை. நம் ரோட்டுக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

*

ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தி சுமார் 9 யூனிட். அந்த 10.3 பாட்டரி முழுதாக நிரம்பினால்கூட ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்! அதை வைத்து 200 கி.மீ. போகிறது. பெட்ரோல் என்ஜின் முக்கால் பங்கைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறது, மோட்டார் அப்படி விடுவதில்லை. இதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. வாங்கத்தான் வேண்டும்.

*

காட், அதாவது மலை ஏற்றக் கணக்கு. கோபோலியிலிருந்து லோனாவாலா சுமார் 560 மீட்டர் உயரம். வழியில்தான் ஷிங்ரோபா கோயில். போர் காட் மலையில் வெள்ளைக்காரனுக்கு வழி காட்டிய ஆடு மேய்ப்பவர் என்று சொல்வார்கள். இன்றும் வண்டிக்காரர்கள் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

அல்ட்ராவயலெட் 207 கிலோ. நானும் மனைவியும் பையும் சேர்த்து 143. மொத்தம் 350 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல். மோட்டாரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் முக்கால் யூனிட்டுக்குள். 10.3-ல் அது பெரிய விஷயமில்லை. அதே ஏற்றத்தை 108 கிலோ ஆர்வி400-ல் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட அரை யூனிட். 3.24-ல் அது ஏழில் ஒரு பங்கு. ஏற்றத்தைப் பார்த்துப் பயந்தது வீண். பன்வேலுக்கும் கோபோலிக்கும் நடுவில் நேர் ரோட்டில் வேகம் பிடிப்பதுதான் பாட்டரியைக் காலி பண்ணும். வளைந்து வளைந்து நாற்பதில் ஏறும் பழைய ரோடு இந்த வண்டிகளுக்கென்றே போட்டது போல இருக்கிறது.

*

எங்கே சார்ஜ் போடுவது?

நாங்கள் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆர்வி400-ன் பாட்டரியைக் கழற்றி மேலே கொண்டு வரலாம். பெரிய வண்டியில் அது முடியாது. முதலில் கழற்றுகிற வண்டிதான் நமக்கு என்று நினைத்தேன். பிறகு 2022 மார்ச்சில் வேலூரில் நடந்தது நினைவுக்கு வந்தது. வீட்டில் சார்ஜ் போட்டிருந்த புது வண்டி தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பாட்டரிக்கான ஏஐஎஸ்-156 விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக இறுக்கினார்கள். இப்போதைய பாட்டரிகள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும் பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. கீழே, திறந்த இடத்தில்தான் போடுவேன்.

எங்கள் குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரியிடம் கேட்டேன். “தனி சப்-மீட்டர் போட்டுக்கோ, வயர் மழையில நனையக் கூடாது, லெட்டர் எழுதிக் குடு” என்று இந்தியில் சொன்னார். மறுநாள் அவரே வந்து மீட்டர் ரூம் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுக் காட்டினார். போன மழையில் தண்ணீர் நின்ற கறைக்கு ஒரு முழம் மேலே.

*

வழியில் சார்ஜ் போட செருகி பொருந்த வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த இரண்டு பேர் தொடங்கிய ஏத்தரின் செருகி 2023-ல் இந்தியத் தரமாகவே ஆனது. ஹீரோவின் விடாவும் அதையே வைத்திருக்கிறது. எல்லாரும் அதற்கு வரவில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மூக்கு என்றால் ஊர் சுற்றுவது எப்படி? இதில் எனக்குக் கோபமே உண்டு. போனில் மேப்பைப் பார்த்துக் கிளம்பப் போவதில்லை. ஒவ்வொரு இடமாக நின்று பார்த்து எழுதிக்கொள்ளப் போகிறேன்.

*

சனிக்கிழமை ஒரு ஷோரூமில் இரண்டு பேரும் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஓட்ட அருமை. பாம் பீச் ரோட்டில் காற்றுச் சத்தமும் டயர் சத்தமும்தான் கேட்டது. பின்சீட் மட்டும் ஒரு சாண் அகலம், முன்சீட்டை விட நல்ல உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. இறங்கியதும் அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, நீங்க மட்டும் போறதுன்னா இத வாங்குங்க. நானும் வரணும்னா, என்னைய ஒரு மணி நேரம் உக்கார வச்சுப் பாத்துட்டு வாங்குங்க.”

யூனிட், எடை, செருகி எல்லாம் எழுதிய நோட்டில் சீட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன்.

*

ஞாயிறு காலை ஐந்தரைக்கு, பழைய பெட்ரோல் வண்டியிலேயே, இரண்டு பேரும் கோபோலி வரை. எங்கே டீக்கடை, எங்கே பிளக் பாயின்ட், அவளுக்கு எத்தனையாவது கிலோமீட்டரில் முட்டி வலி தொடங்குகிறது, எல்லாம் குறிக்க வேண்டும். பேனா அவள் கையில்.