எல்லோருக்கும் 20

நான் எழுதிய சார்ட்டுகளை யாராவது எடுத்து வரிசையாகப் பரப்பினால், எங்கள் மாவட்டத்தில் மூச்சு வாங்கும் நோயாளி ஒருவர்கூடக் கிடையாது என்றுதான் நினைப்பார்கள். காய்ச்சல்காரருக்கு 20. இதய நோயாளிக்கு 20. பிரசவம் முடிந்து அசந்து தூங்குகிறவருக்கும் 20. என்றைக்காவது மனசு உறுத்தினால் நடுவில் ஒரு 18, ஒரு 22 போடுவேன். பார்ப்பதற்கு நிஜம் மாதிரி இருக்கும்.

பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். டிபிஆர் என்பது எங்களுக்குச் சோறு வடிக்கிற மாதிரி, முதல் வருடத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டிய வேலை. டெம்பரேச்சரை தெர்மாமீட்டர் சொல்லிவிடும். பல்ஸ் விரலில் தட்டுப்படும். ரெஸ்பிரேஷனை மட்டும் நாமே பார்த்து எண்ண வேண்டும், அதுவும் நோயாளிக்குத் தெரியாமல். தெரிந்துவிட்டால் அவர் மூச்சு விடுகிற விதமே மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இதற்காகவே கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த சாமான் பட்டியலில் 'செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரம்' என்று போட்டிருந்தது. அப்பா கடை கடையாக ஏறி, வெள்ளை டயலில் சிவப்பு முள் ஓடுகிற ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கித் தந்தார்.

எனக்கு அந்தப் பாவனை மட்டும் நன்றாக வந்தது.

சாக்குச் சொல்ல வேண்டுமானால் நிறைய இருக்கிறது. விடிகாலை 5 மணிக்குப் பக்கெட்டோடு குளியலறை வாசலில் வரிசை. ஈரத்தலையை அப்படியே சுருட்டிக் கொண்டை போட்டு வலைக்குள் திணித்து, ஹாஸ்டல் உப்புமாவை நின்றபடி விழுங்கிவிட்டு வார்டுக்கு ஓட்டம். பெட் மேக்கிங், மருந்து, டிரெஸ்ஸிங்குக்குக் கூடமாட நிற்பது, "பாப்பா, இந்தச் சீட்டை லேபுல குடுத்துட்டு வாயேன்" என்று யாராவது அனுப்பினால் அதற்கும் ஓடுவது. மதியம் வகுப்பு. ராத்திரி கேர் பிளான் எழுதி முடிக்க 12 மணி. ஆனால் இதே வேலைகளுக்கு நடுவில் என் வகுப்பில் நான்கைந்து பேர் ஒழுங்காக எண்ணத்தான் செய்தார்கள். அவர்களுக்கும் அதே உப்புமாதான்.

இனி அந்த ஜனவரி 13. அப்போது மூன்றாம் வருடம். மறுநாளிலிருந்து பொங்கல் லீவு. பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வார்டுக்கே போனேன். பெண்கள் மெடிக்கல் வார்டு, என் பொறுப்பில் 12 படுக்கை. 10 மணி டிபிஆரை எடுத்து முடித்துச் சீக்கிரம் கிளம்பினால் ஊருக்கு நேர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். நாடியைக்கூட 15 செகண்ட் எண்ணி நாலால் பெருக்கினேன். ரெஸ்பிரேஷனுக்கு கேஸ் ஷீட்டைத் திறக்கும்போதே கை 20 எழுதியிருந்தது.

17ஆம் நம்பர் பாட்டி படுக்கவில்லை. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஊருக்கா... போற... தாயி?" என்றார். ஆமாம் பாட்டி என்றேன். "கரும்பு... வாங்கிட்டியா?" மூன்று வார்த்தையைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் காறை எலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழும்பியது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. மூச்சுத் திணறலின் அறிகுறிகள் என்னென்ன என்று தேர்வில் கேட்டபோது இதே உட்காரும் விதம், இதே அறுந்த பேச்சு, இதே குழி எல்லாவற்றையும் எழுதி மார்க் வாங்கியவள் நான். 20 என்று போட்டேன். அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஆளுக்கு ஒரு நிமிடம். மொத்தம் 12 நிமிடத்தை மிச்சம் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பஸ் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

ஊரில் நான் பெரிய ஆள். பொங்கலன்று காலை பானை பொங்கி இறக்கியதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூட்டம். பிரஷர் செட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வெல்லக் கையைக்கூடக் கழுவாமல் வரிசையில் வந்து நிற்பார்கள். சித்தப்பா ஒருவருக்கு 160க்கு 100 இருந்தது. ஊறுகாயையும் கருவாட்டையும் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். ஊரே பார்க்க, ஒரு கையில் கரும்பு. அந்த நேரத்தில்தான் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது.

13ஆம் தேதி மதியப் போஸ்டிங்குக்கு வந்தது இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி. 2 மணிக்கு 17ஆம் படுக்கையில் எண்ணியிருக்கிறாள்: 34. ஓடிப்போய் டியூட்டி சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஷீட்டைப் பார்த்தார். காலை 6 மணிக்கு 20, 10 மணிக்கு 20. "மூணாம் வருஷப் பொண்ணு பாத்து எழுதியிருக்கா. உனக்கு எண்ணத் தெரியலையா? போய் ஒழுங்கா எண்ணிட்டு வா." மறுபடி எண்ணினாள், 36. மறுபடி போய்ச் சொல்லத் தயங்கி நின்றிருக்கிறாள். கடைசியில் வேறு எதற்கோ வார்டுக்கு வந்த ஹவுஸ் சர்ஜனை வழிமறித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். நிமோனியா. பாட்டியை ஐ.எம்.சி.யு.வுக்கு மாற்றுவதற்குள் ஒரு மணி நேரம் போயிருந்தது.

குழுவில் பாட்டியைப் பற்றி ஒரு வரி, ஜூனியர் திட்டு வாங்கிய கதை பத்து வரி, சிரிக்கிற பொம்மைகளோடு. நான் என்ன பதில் போட்டேன் என்பது இன்னும் அந்த போனில் இருக்கிறது. "காலையில நல்லாத்தான் இருந்தாங்க."

லீவு முடிந்து போனதும் டியூட்டர் கூப்பிட்டுக் கேட்டார். "எண்ணினேன் மேடம், 20தான் இருந்துச்சு" என்றேன். நம்பினார். என் கையெழுத்து அழகு, அடித்தல் திருத்தல் இருக்காது. சார்ட் எப்படி எழுத வேண்டும் என்பதற்கு முன்பொருமுறை என் தாளைத்தான் வகுப்பில் தூக்கிக் காட்டியிருந்தார். பாட்டி பத்து நாளில் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஜூனியரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எங்களுக்கு விளக்கேற்றும் விழாவில் உறுதிமொழி எடுக்க வைப்பார்கள். நைட்டிங்கேல் உறுதிமொழி என்று பெயரே தவிர, அதை அந்த அம்மா எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதியது. எங்கள் வீட்டு விசேஷ ஆல்பத்தில் விளக்கோடு நான் நிற்கிற படம் இருக்கிறது. ஆனால் நைட்டிங்கேல் செய்ததில் எனக்கு இப்போது உறைப்பது விளக்கு அல்ல, கணக்கு. கிரிமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்த சிப்பாய்கள் அதிகம் என்பதை மாதவாரியாக எண்ணி, 1858இல் வண்ண வரைபடமாகப் போட்டு, கேட்க மறுத்தவர்களைக் கேட்க வைத்தவர் அவர்.

கடைசி வருடத்தில் நியூஸ் ஸ்கோர் பற்றி வகுப்பு வந்தது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்தது. நோயாளி மோசமாகிறாரா என்பதை டிபிஆர், பிரஷர், ஆக்சிஜன் அளவு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கணக்கிடுவார்கள். மூச்சு 12இலிருந்து 20 வரை இருந்தால் பூஜ்யம். 25ஐத் தொட்டால் 3. அந்த ஒன்றே 3 வந்தாலும் உடனே வந்து பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் கெடுவதற்கு முன்னால் பல நேரம் மூச்சுதான் முதலில் ஏறும் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். என் பேனாவில் எப்போதும் ஊறிக்கொண்டிருந்தது அந்தப் பூஜ்யம்தான்.

இப்போது எண்ணுகிறேனா? பெரும்பாலும். போன மாதம் நைட் போஸ்டிங்கில் இரண்டு பேருக்கு எண்ணாமல் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு ஹாஸ்டல் பெண்கள் ஐந்து பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அந்த ஜூனியரும் வந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டிருந்தேன். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்தோம். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு அண்ணனோடு வேனில் போய், மாடு வந்த பக்கமெல்லாம் அலறிக்கொண்டு ஓடினோம். தொண்டை கட்டிப்போனது. மூன்று நாளும் சொல்ல வாய் வரவில்லை.

கிளம்புகிற அன்று அப்பத்தா, "எனக்கும் பாருங்கடி" என்று கையை நீட்டியது. அவள்தான் முந்தி உட்கார்ந்தாள். நாடியைப் பார்த்தாள். பார்த்து முடித்தும் மணிக்கட்டை விடவில்லை. கண் மட்டும் அப்பத்தாவின் நெஞ்சுக்கும் தன் கடிகாரத்துக்கும் போய்ப் போய் வந்தது.

"என்னத்தா, என் நாடி இன்னும் முடியலையா?"

"இருங்க அப்பத்தா" என்றாள். முழு நிமிடம் ஆனது. பிறகு என் பக்கம் திரும்பினாள். என் மடியில் நோட்டும் பேனாவும் இருந்தன.

"22, அக்கா. எழுதிக்கிறீங்களா?"