முதல் வாய் சாதமா?

112 கிலோ உடம்போடு மூட்டுவலி, சர்க்கரை என்று அவதிப்பட்ட நான், இரண்டு வருஷத்துக்கு முன் திருச்சியில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். அறந்தாங்கிக்குத் திரும்பியதும் அத்தை, "கத்தி பட்ட உடம்பு தாயி" என்று கஞ்சியும் ரசம் சாதமுமாகவே கொடுத்தார்கள். பாவம், அன்புதான்! நாலாம் மாசம் சீப்பு நிறைய முடி. மாடிப்படி ஏறினால் கால் துவண்டது. எடை குறைகிற சந்தோஷத்தில் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தினம் 60 கிராமாவது புரதம் வேணும்மா, நீங்க 20கூட சாப்பிடலையே! கொழுப்போட சதையும் சேர்ந்து கரையுது" என்று கடிந்துகொண்டார் டயட்டீஷியன்.

கணக்குப் பார்த்தேன், சகோதரிகளே. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 100 கிராம் மீனில் 20 போல. என் வயிறோ இப்போது காபி டம்ளர் அளவு. அதில் சாதத்தை முதலில் போட்டால் மற்றதற்கு இடமேது? அதனால் முதல் வாய் முட்டை, மீன் அல்லது கெட்டிப் பருப்பு. சாதம் கடைசியில், இடமிருந்தால். சைவக்காரர்கள் பன்னீர், கெட்டித் தயிர், சுண்டல் என்று சமாளிக்கலாம். தண்ணீர் சாப்பாட்டோடு கூடாது. அரை மணி கழித்துத்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டைப்பட்டினத்துச் சுறா கிடைத்தால் அத்தையே புட்டு செய்துவிடுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்போமே, அதேதான். மெத்தென்று இறங்குகிறது. முடி மட்டும் இன்னும் பழைய அடர்த்திக்கு வரவில்லை.