கல்லுக்குள் எத்தனை வழி?

சாயில் லேபில் ஃபாலிங் ஹெட் சோதனை செய்யாத சிவில் மாணவர் நம்மில் யார்? கல்லுக்கும் அதுபோல உட்புகுதிறன் சோதனை உண்டு என்பது, ப்ராஜெக்டுக்காக இன்னொரு கல்லூரி லேபுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

விதி பழையதுதான். பிரான்சின் திஜோன் நகரில் மணல் வழியே தண்ணீரை விட்டுப் பார்த்து ஹென்றி டார்சி 1856-ல் வெளியிட்டது. அலகுக்கும் அவர் பெயரே: டார்சி. அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிடார்சி.

வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். 2.5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. நீளத்துக்குக் கல்லை உருளையாக டிரில் செய்து, ஓவனில் உலர்த்தி, வெர்னியரில் அளந்து, ரப்பர் உறைக்குள் நுழைத்து, சுற்றிலும் அழுத்தம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வாயு கல்லுக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும், பஸ்ஸில் கண்டக்டரிடம் நம்ம பசங்க நழுவுகிற மாதிரி! ஒரு பக்கம் நைட்ரஜன் சிலிண்டர்; மறுபக்கம் சோப்புக்குமிழிக் குழாய், கையில் ஸ்டாப்வாட்ச்.

மணற்கல்லில் குமிழி மளமளவென்று ஏறியது. எங்கள் ஊர்க் கருங்கல்லில் அசையவே இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அதே இடம்! கணக்குப் போட்டேன். 100 மில்லிடார்சி மணற்கல் என்றால், 1 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் அந்த உருளை வழியே 1 சி.சி. தண்ணீர் வர 10 விநாடி போதும். ஒரு மில்லிடார்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள கருங்கல் என்றால் ஏறக்குறைய 12 நாள்!

வீட்டில் சொன்னதும், கிணறு வெட்டியே எங்களை வளர்த்த அப்பா சிரித்துவிட்டார். "அப்ப நான் வெட்டின கெணத்துக்கெல்லாம் தண்ணி எங்கேருந்துடா வந்துச்சு?" பிறகு அவரே சொன்னார்: "கல்லு தண்ணி விடாதுப்பா. நடுவுல வெடிப்பு ஓடும் பாரு, அதுதான் ஊத்துக்கண்ணு."

அப்பா சொன்னதற்கும் ஃபார்முலா இருக்கிறது. அழுத்தம் மாறாமல் விரிசலின் அகலம் மட்டும் 2 மடங்கானால், அதன் வழியே போகும் நீர் 8 மடங்கு. ஆனால் லேபுக்கு நாம் கொண்டுபோவது வெடிப்பில்லாத நல்ல துண்டைத்தான். வெடித்த கல் டிரில் பண்ணும்போதே உடைந்துபோகுமே!

தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலத்தின் அடியில் கடினப்பாறைதான். அங்கே கடன் வாங்கி போர் போடுகிறவர்களுக்கு ஒரு வெடிப்பு தப்பினால் பணம் அத்தனையும் போச்சு. எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு 600 அடியிலும் புழுதிதான் பறந்தது. கூப்பிடு தூரத்தில், அப்பா வெட்டிய கிணற்றில் இன்றும் மோட்டார் ஓடுகிறது.

ரிப்போர்ட்டில் மில்லிடார்சி அட்டவணைக்குப் பின்னால் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தோம்: கல் எடுத்த குவாரிச் சுவரில் எத்தனை அடிக்கு ஒரு வெடிப்பு, அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று. டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அப்பா.