கப்பல் ஏன் முழுகுச்சு?

2019ல வந்த தமிழக அரசோட பிளஸ் டூ இங்கிலீஷ் புத்தகத்துல 'லைஃப் ஆஃப் பை' துணைப்பாடமா இருக்கு. யான் மார்ட்டெல் 2001ல எழுதி, 2002ல புக்கர் பரிசு வாங்கின நாவலோட ஒரு பகுதி. பாண்டிச்சேரிப் பையன், ஒரு படகு, ஒரு வங்கப்புலி. 2012ல ஆங் லீ எடுத்த படத்தை நம்மாளுங்க முக்காவாசிப் பேர் பார்த்திருப்பீங்க.

ஆலங்குளம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல எங்க மதினி இங்கிலீஷ் டீச்சர். நான்தான் அவங்களுக்கு டெக்னிக்கல் சப்போர்ட் (சம்பளம்: காபி, ஒரு தட்டு சாத்தூர் சேவு). "படத்தைப் போட்டுக் காட்டிட்டா பாடம் முடிஞ்சிரும்ல தம்பி"ன்னாங்க. படம் 127 நிமிஷம், பீரியட் 45 நிமிஷம். தவிர, படம் பாடத்துக்குப் பதில் கிடையாது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எதைச் சேர்த்தாங்க, எதை வெட்டுனாங்க, ஏன்னு பசங்களைக் கேக்க வைங்கன்னு சொன்னேன்.

தேடிப் பார்த்தா நிறைய சிக்குச்சு. படத்துல பைக்கு ஆனந்தின்னு ஒரு பரதநாட்டியப் பொண்ணு வருது. நாவல்ல அப்படி ஆளே இல்ல. (காதல் இல்லாம படம் ஓடாதுங்கிறது ஹாலிவுட்லயும் உண்டு போல :-)) நாவல்ல நடுக்கடல்ல இன்னொரு படகுல கண் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரன் வருவான், படத்துல காணோம். கடைசியில மிருகம் இல்லாத இன்னொரு கதை வருதே, அதைக் கொலை, ரத்தம்னு காட்டாம, ஆஸ்பத்திரிக் கட்டில்ல பை பேசுற முகத்தை மட்டும் காட்டுறாங்க. புலிக்கதையை மட்டும் கண்ணுக்குக் காட்டிட்டு, 'எது பிடிச்சிருக்கு?'ன்னு கேட்டா நாம எந்தப் பக்கம் சாய்வோம்? என்னைப் பொறுத்தவரை முழுப் பாடமுமே இந்த ஒரு கேள்விதான்.

அந்தப் புலி பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை. அதைச் செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி 2013 பிப்ரவரியில திவால் மனு போட்டுச்சு. அதே மாசம் அதே வேலைக்கு ஆஸ்கரும் கிடைச்சுது. மேடையில அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சவரை மியூசிக் போட்டு நிறுத்திட்டாங்க. சாஃப்ட்வேர்காரன் வயிறு எரியாம என்ன செய்யும்?

மதினி வகுப்புல ஒரு பொண்ணு கேட்டதுதான் எனக்கு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. "ரெண்டு கதையும் இருக்கட்டும் டீச்சர். கப்பல் ஏன் முழுகுச்சு?" விசாரிக்க வந்த ஜப்பான் அதிகாரிங்க தெரிஞ்சுக்க வந்ததும் அதைத்தானே! ரெண்டு கதையிலயும் அதுக்குப் பதில் இல்ல.

அந்த வகுப்புல பாதிப் பேர் வீட்ல யாராவது பட்டாசு வேலைக்குப் போறாங்க. முதலிப்பட்டி விபத்து 2012 செப்டம்பர் 5. 30 பேருக்கு மேல செத்துப்போனாங்க. 2021 பிப்ரவரி 12ல அச்சங்குளம். டிவியில கரும்புகை, அழுற பொம்பளைங்க, இழப்பீட்டுத் தொகை. காரணம்னு 'உராய்வு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. எத்தனை பேரை உள்ள உக்கார வெச்சாங்க, மருந்து எவ்வளவு இருந்துச்சு, மர நிழல்ல வெச்சு வேலை நடந்துச்சா, அதெல்லாம் கேமராவுக்கு வெளிய.

இப்போ மதினி பழைய பேப்பர் சேர்க்கிறாங்க. ஒரே விபத்து, ரெண்டு பேப்பர், ரெண்டு போட்டோ. பசங்க இங்கிலீஷ்ல எழுதணும்: போட்டோவுல யார் இல்ல? ஹெட்மாஸ்டர், "இதெல்லாம் எக்ஸாமுக்கு வருமாம்மா?"ன்னு கேட்டாராம். வராது சார்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வாரம் ரெண்டு பீரியட் குடுத்திருக்கார்.