பூச்சரம் சுற்றிய தூண்

வீட்டுக்குப் புது வர்ணம் அடித்தால் தெருவே பார்க்கும். புது கேட் போட்டால் எதிர்வீட்டுக்காரர் வந்து விலை விசாரிப்பார். மாடிப்படியில் ஆடுகிற தூணை மாற்றினால்? யார் கண்ணிலும் படாது! அதனாலோ என்னவோ, பல வீடுகளில் செலவுப் பட்டியலின் கடைசி வரியாகவே அது இருந்துவிடுகிறது. அடுத்த வருடப் பட்டியலிலும் அதே கடைசி வரிதான்.

தூத்துக்குடியில் அப்படி ஒரு வீடு. கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பதினேழு படிகள், தேக்கில் கடைசல் போட்ட தூண்கள், மேலே கை பட்டுப் பட்டு வழவழப்பான தேக்குக் கைப்பிடி. கீழ்ப்படியில் நிற்கும் முதல் தூண்தான் எல்லாவற்றிலும் பருமன். மொத்தக் கைப்பிடியின் இழுப்பையும் கீழே நின்று தாங்குவது அதுதான். தரை கழுவும் தண்ணீர் தினமும் அதன் அடியில் பட்டது. பின்னாலேயே கரையான் வந்தது. தூண் ஆட ஆரம்பித்தது.

முதலில் ஒரு மரச்சிம்பைச் செருகினார்கள். அப்புறம் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினார்கள். மகள் கல்யாணம் வந்தபோது கேட்டுக்கும் பெயின்ட்டுக்கும் பணம் போனது. தூணுக்கு ஒரு பூச்சரம் மட்டும் சுற்றினார்கள். வருகிறவர்களுக்குக் கம்பி தெரியக்கூடாதே!

ஒரு நாள் இரவு கரண்ட் போனது. மொட்டை மாடியிலிருந்து இருட்டில் இறங்கி வந்த ஆச்சி, கடைசிப் படிகளில் கைப்பிடியில் சாய்ந்தார். தூண் கையோடு வந்துவிட்டது. விழுந்தது இரண்டே படிதான். ஆனால் வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

தேய்மானம் என்று ஒன்று உண்டு. வணிகவியல் மாணவர்கள் முதல் வருடமே படிப்பது. ஒரு பொருள் தேயத் தேய, அதை வருடா வருடம் கணக்கில் எழுதிவர வேண்டும். எழுதாமல் விட்டால் பொருள் தேயாமல் இருக்குமா? மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் பில் வரும். அந்த வீட்டில் பில் ஆச்சியின் பெயருக்கு வந்தது.

அதன் பிறகுதான் மகன் விசாரிக்கக் கிளம்பினார். மறுபடி தேக்கிலேயே கடைசல் தூண் போட விலை கேட்டபோது மயக்கம் வராத குறை. சரி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று முடிவானது. கடையில் காந்தத்தை வைத்துக் காட்டினார்கள். ஒட்டவில்லை. "பார்த்தீங்களா சார், ஒரிஜினல்!"

இந்தச் சோதனையை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் பொதுவாக ஒட்டாது. ஆனால் உப்புக்காற்றில் 202 சீக்கிரம் துருப்புள்ளி விடும். கடலோர ஊர்களுக்குக் குறைந்தது 304 வேண்டும். கடலை ஒட்டியே வீடு என்றால் மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் நல்லது. எந்த ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது டிசைன். குறுக்குவாட்டில் மூன்று பைப் ஓடுகிற மாடலைத்தான் கடைக்காரர் முதலில் காட்டினார். பார்க்க அழகுதான். ஆனால் தவழ்ந்து எழுகிற குழந்தைக்கு அது ஏணி! கம்பிகள் நெட்டுக்குத்தாக, நெருக்கமாக நிற்பதே நல்லது. சின்னக் குழந்தைகள் புழங்கும் இடமென்றால், 100 மில்லிமீட்டர் உருண்டை நுழைகிற அளவுக்குச் சந்து விடக்கூடாது என்கிறது இங்கிலாந்தின் கட்டட விதி. அதாவது சுமார் நான்கு அங்குலம்.

ஆச்சிக்கு விதி எதுவும் தெரியாது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஏ ஐயா, பளபளன்னு இருந்து என்ன செய்ய? என் கைக்குள்ள அடங்குமா?"

கடையில் பார்த்துவைத்திருந்த அகலமான சதுரக் குழாய் அடங்காது. பழைய கைப்பிடி அடங்கும். கரையான் அரித்ததும் தூண்களின் அடியை மட்டுமே. மேலே இருந்த கைப்பிடி கெட்டியாகவே இருந்தது. அப்புறம் என்ன? தூண்கள் ஸ்டீலில், அவற்றின் தலையில் நீளமாக ஒரு ஸ்டீல் பட்டை, அதன் அடியிலிருந்து ஸ்குரு போட்டு மேலே பழைய தேக்கு. ஆசாரி ஒரே நாளில் இழைத்து பாலிஷ் போட்டுக் கொடுத்தார். கைப்பிடிச் செலவும் மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டார்கள். புதுத் தூண்கள் வருவதற்குள் பழையவற்றைப் பிடுங்கிவிட்டதால், நான்கு நாள் படிக்கட்டு மொட்டையாக நின்றது. கீழ்ப்படியில் குறுக்கே நாற்காலியைப் போட்டு ஆச்சியைத் தடுத்து வைத்தார்கள். புதியது தயாராகி வாசலுக்கு வந்த பிறகு பழையதைக் கழற்றினால் போதும்.

வேலை முடிந்தது. வெல்டர் பஃப் அடித்துத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். ஆச்சி இடது கையால் ஒவ்வொரு தூணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே ஏறினார்.

"எல்லாம் ஸ்ட்ராங்கா இருக்கு ஆச்சி!"

மூன்றாவது தூண் லேசாக அசைந்தது.

அடியில் இருந்த மூடியைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்தது. படியில் பதித்த கடப்பா கல்லின் கனம் ஓர் அங்குலம்கூட இல்லை. போல்ட் அந்தக் கல்லோடு நின்றுவிட்டது, கீழே கான்கிரீட்டுக்குள் இறங்கவே இல்லை. பளபளக்கும் மூடி அதை மறைத்திருந்தது, அன்றைக்குப் பூச்சரம் கம்பியை மறைத்த மாதிரி. வெல்டர் மறுபேச்சு பேசாமல் நீள போல்ட்டாகப் போட்டு இறுக்கிக் கொடுத்தார். ஆச்சி மறுபடியும் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காபி வந்தது!

கால் வழுக்காத நாட்களில் கைப்பிடியை யாரும் நினைப்பதில்லை. வழுக்கும் நாளில் நினைத்துப் பயனில்லை. இன்று உங்கள் வீட்டு மாடி ஏறும்போது, முதல் தூணைப் பிடித்து ஒரு தடவை நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் சிம்பைச் செருகாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.